ஈஸ்ட்கேட் மையம்

ஈஸ்ட்கேட் மையம் என்பது சிம்பாப்வே நாட்டின் தலைநகரமான ஹராரேயில் அமைந்துள்ள வணிக, அலுவலகக் கட்டிடத் தொகுதி ஆகும். இது 1996 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதனை வடிவமைத்த கட்டிடக்கலைஞர் மிக் பியர்ஸ். பொறியியல் பணிகளை ஆருப் நிறுவனம் மேற்கொண்டது. வழமையான வளிப்பதன வசதி இல்லாமலேயே உள்வெப்பநிலையைத் தாங்கத்தக்க அளவில் வைத்திருப்பது இதன் சிறப்பாகும். பல துறையினரும் தொடக்கம் முதலே இணைந்து பணியாற்றும் ஒருங்கிணைந்த வடிவமைப்பு முறைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பின்னணி

ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இதனால் பகல் வெப்பமாக இருந்தாலும் இரவு குளிர்ச்சியாக இருக்கும். கட்டிடத்தின் உரிமையாளரான ஓல்ட் மியூச்சுவல் நிறுவனம், இறக்குமதி செய்யவேண்டிய, விலை கூடிய வளிப்பதனப் பொறிகளைத் தவிர்க்க விரும்பியது.

கூட்டு வடிவமைப்பு

பொதுவாகக் கட்டிடக்கலைஞர் கட்டிடத்தின் திசை, வடிவம், சாளரங்கள் ஆகியவற்றை முடிவு செய்த பின்னரே வரைபடங்கள் பொறியியலாளரிடம் செல்கின்றன. உள்ளே சேரும் வெப்பத்தை வெளியேற்றப் போதுமான பொறியின் அளவைக் கணிப்பது மட்டுமே அவருக்கு எஞ்சும் பணி. வெப்பம் உள்ளே வராமல் தடுக்கும் வாய்ப்பு அதற்குள் கடந்துவிடுகிறது.

ஈஸ்ட்கேட்டில் இந்த ஒழுங்கு மாற்றப்பட்டது. வெளிச்சுவர்களில் நேரடி வெயில் படக்கூடாது, வடக்கு முகப்பில் சாளரங்களின் பரப்பு சுவர்ப் பரப்பின் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பன பொறியியலாளர் முன்வைத்த நிபந்தனைகள். தென் அரைக்கோளத்தில் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழுவதே இதற்குக் காரணம். கட்டிடத்தின் நிழல்தரும் ஆழமான முகப்புகள் இந்நிபந்தனைகளிலிருந்தே உருவாயின.

தளங்களும் அவ்வாறே அமைந்தன. உள்ளீடற்ற காங்கிறீற்றுத் தளம் பாரத்தைத் தாங்குகிறது, காற்றைக் கொண்டு செல்கிறது, வெப்பத்தைச் சேமிக்கிறது. ஒரே உறுப்பு மூன்று பணிகளைச் செய்வதால், அதன் வடிவத்தை எந்த ஒரு துறையும் தனித்து முடிவு செய்ய இயலாது.

செயற்படும் முறை

தொகுதி இரண்டு ஒன்பது மாடிக் கட்டிடங்களையும், அவற்றுக்கு இடையே கண்ணாடிக் கூரையுடன் கூடிய நடுமுற்றத்தையும் கொண்டது. இரவில் பெரிய விசிறிகள் மணிக்குப் பத்து முறை காற்றை மாற்றித் தளங்களைக் குளிர்விக்கின்றன. பகலில் சிறிய விசிறிகள் மணிக்கு இரண்டு முறை காற்றை மாற்றுகின்றன. வெளிக்காற்று குளிர்ந்த தளங்களினூடாகச் சென்று அறைகளை அடைகிறது. வெப்பமடைந்த காற்று மேலெழுந்து, கூரையிலுள்ள 48 புகைபோக்கி போன்ற அமைப்புகளின் வழியே வெளியேறுகிறது.

பயன்கள்

ஹராரேயிலுள்ள, முழு வளிப்பதன வசதி கொண்ட ஆறு கட்டிடங்களின் சராசரியைவிட இக்கட்டிடம் 35 விழுக்காடு குறைவான ஆற்றலைப் பயன்படுத்துவதாக மிக் பியர்ஸ் குறிப்பிட்டுள்ளார். வளிப்பதனத் தொகுதியைத் தவிர்த்ததால் மொத்தக் கட்டுமானச் செலவில் 10 விழுக்காடு மிச்சமானது. மின்தடையின்போது விசிறிகள் நின்றாலும், வெப்பக்காற்று தானாகவே மேலெழுவதால் காற்றோட்டம் முற்றாக நின்றுவிடுவதில்லை.

எனினும், இம்முறை இரவுக் குளிர்ச்சியை நம்பியுள்ளது. சென்னை, கொழும்பு போன்ற, இரவிலும் வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த கடற்கரை நகரங்களில் இதை அப்படியே பின்பற்ற இயலாது. அங்கெல்லாம் பின்பற்றத்தக்கது கூட்டாக முடிவெடுக்கும் முறையே ஆகும்.

கறையான் புற்று ஒப்பீடு

இக்கட்டிடம் கறையான் புற்றைப் பார்த்து வடிவமைக்கப்பட்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. புற்றுகள் தமது உள்வெப்பநிலையை மாறாமல் வைத்திருக்கின்றன என்பதே அக்காலக் கருத்து. ஆனால் ஸ்காட் டர்னர், ரூப்பர்ட் சோர் ஆகியோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வு, கூட்டின் வெப்பநிலை நிலத்தின் வெப்பநிலையை ஒட்டியே மாறுவதையும், புற்று முதன்மையாக வளிமப் பரிமாற்றத்துக்கு உதவுவதையும் காட்டியது. உவமை பிழையானபோதும் கட்டிடம் செயற்படுகிறது. ஏனெனில் அது உவமையை மட்டுமன்றி, ஹராரேயின் காலநிலை பற்றிய கணிப்புகளையும் அடிப்படையாகக் கொண்டது.