விசா யார் கையில்? எச்-1பி பணியாளரின் சட்ட உரிமைகள்

அமெரிக்காவில் உயர்திறன் பணிகளுக்கு வெளிநாட்டவரை அமர்த்துவதற்கான எச்-1பி விசா, 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்வழி உருவானது. இவ்விசாவுக்குப் பணியாளர் தாமே விண்ணப்பிக்க இயலாது. அவரை ஸ்பான்சர் செய்யும் நிறுவனமே மனுதாரர். ஆண்டுக்கு 65,000 இடங்கள் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்றோருக்குக் கூடுதலாக 20,000 இடங்கள். அண்மை ஆண்டுகளின் ஒப்புதல்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு இந்தியாவில் பிறந்தோருக்கே கிடைத்துள்ளன.

நிறுவனம் முதலில் தொழிலாளர் துறையிடம் ஓர் உறுதிமொழி அளிக்க வேண்டும். அப்பகுதியில் அப்பணிக்கு நிலவும் ஊதியம், தன்னிடம் அதே பணியைச் செய்யும் ஒத்த தகுதியினருக்குத் தரும் ஊதியம் ஆகிய இரண்டில் எது அதிகமோ, அதை வழங்குவதாக அவ்வுறுதிமொழி அமையும். அதன் பின்னரே குடிவரவுத் துறையிடம் மனு. ஒப்புதல் ஒரு முறைக்கு மூன்றாண்டு வரை. பொதுவாக மொத்தம் ஆறாண்டு. கிரீன் கார்டு நடைமுறை உரிய கட்டத்தை எட்டியிருந்தால் மேலும் நீட்டிக்கலாம்.

இந்த ஏற்பாட்டில் வேலையை இழப்பவர் நாட்டில் தங்கும் தகுதியையும் இழக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். 2017 முதல் நடப்பில் உள்ள விதி அதிகபட்சம் 60 நாள் அவகாசமே தருகிறது. வேலைவாய்ப்புவழி கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டில் பிறந்தோருக்குப் பொதுவாக 7 விழுக்காடு என்ற வரம்பு இருப்பதால், இந்தியர் பல்லாண்டுகள் காத்திருக்கின்றனர். அதுவரை பலர் மேலாளரின் அநீதியைச் சகித்துக்கொள்கின்றனர். சாதியப் பாகுபாடும் இதற்கு விலக்கன்று. சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. ஆனால் தங்கும் உரிமையே வேலையைப் பொறுத்திருக்கையில், புகார் அளிக்கும் துணிவு எளிதில் வருவதில்லை.

எனினும், பலரும் எண்ணுவதைவிடக் கூடுதலான பாதுகாப்பைச் சட்டம் தருகிறது:

• நிறுவனம் வேலை ஒதுக்காமல் 'பெஞ்சில்' உட்காரவைத்த காலத்துக்கும் ஊதியம் உண்டு.

• எச்-1பி மனுவுக்கான அரசுக் கட்டணமும் வழக்குரைஞர் கட்டணமும் நிறுவனத்தின் தொழிற்செலவுகள். அவற்றைப் பணியாளர்மீது சுமத்தி, உரிய ஊதியத்தைக் குறைத்தல் கூடாது.

• இடையில் விலகியதற்காக அபராதம் விதிக்க இயலாது. நியாயமாக முன்மதிப்பிட்ட இழப்பீட்டை மாநிலச் சட்டம் அனுமதித்தால் மட்டுமே கோரலாம்.

• முறையான தகுதிநிலையில் உள்ளவர், புதிய நிறுவனம் மனு தாக்கல் செய்ததுமே அங்குப் பணியைத் தொடங்கலாம். ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

• கிரீன் கார்டுக்கான நிறுவனத்தின் மனு ஒப்புதல் பெற்று 180 நாள் கடந்திருந்தால், அந்நிறுவனம் அதைத் திரும்பப் பெறுவதால் மட்டும் ஒப்புதல் ரத்தாகாது.

• விசாக் காலம் முடியுமுன் நிறுவனமே பணிநீக்கம் செய்தால், நாடு திரும்பும் நியாயமான பயணச் செலவை அதுவே ஏற்க வேண்டும்.

ஊதிய விதிமீறல் குறித்துத் தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவிடம் 12 மாதங்களுக்குள் புகார் அளிக்கலாம். புகார் அளித்தவரைப் பழிவாங்குவது குற்றம்சாட்டத்தக்க தனி விதிமீறல். ஊதிய உறுதிமொழியின் நகலை, பணியில் சேரும் நாளுக்குள் பணியாளரிடம் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. அதனையும் ஒப்புதல் அறிவிப்பு, ஊதியச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களையும் அலுவலகக் கணினியில் அல்லாமல் தம் வசமே வைத்திருத்தல் நன்று. பணிநீக்கத்தன்று முதலில் மூடப்படுவது அந்தக் கணினிதான்.