குருக்கள் இல்லமும் கோயில் உடைமையே

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர் எழுப்பிய ஆலயங்கள் பல எளிய கொட்டகைகளாகத் தொடங்கியவை. 1827இல் நாராயண பிள்ளை சிங்கப்பூரில் நிறுவிய மாரியம்மன் ஆலயமும் முதலில் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆனதே. கொட்டகைகள் காலப்போக்கில் செங்கல் கட்டடங்களாக உயர்ந்தன. வைகறையில் நடை திறந்து, அர்த்தசாமப் பூசை முடித்து நடை சாத்துபவர் அருகிலேயே தங்க வேண்டுமாதலால், ஆலயத்தை ஒட்டிக் குருக்கள் இல்லம் அமைப்பதும் பல ஊர்களில் வழக்கமாயிற்று.

ஏனைய இல்லங்களினின்று இது வேறுபட்டது. இடையிடையே காலியாவது இதன் இயல்பு. குருக்கள்மார் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே ஓடிய ரஜூலா போன்ற கப்பல்களே அவர்களுக்கு வழி. பின்னர் வானூர்தியும் வேலை அனுமதிச் சீட்டும் வந்தன. தவணை முடிந்து ஒருவர் ஊர் திரும்ப, அடுத்தவர் வந்து சேரும்வரை இல்லம் பூட்டிக் கிடக்கும். இவ்விடைவெளி நெடிதாகும் காலமும் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபின் 1945 வரை தமிழகத்துடன் கப்பல் தொடர்பு அற்றுப்போயிற்று. 2020 மார்ச் 18இல் மலேசியா எல்லைகளை மூடியது. 2022 ஏப்ரல் 1இல்தான் அவை முழுமையாகத் திறந்தன.

ஆளில்லா வீட்டைக் கறையானும் மழையும் விட்டுவைப்பதில்லை. தேங்கிய நீரில் கொசுப்புழு காணப்பட்டால், 1975ஆம் ஆண்டின் மலேசியச் சட்டப்படி பொறுப்பாளருக்கு அபராதமும் உண்டு. ஆயினும் கவனிப்பின்மையினும் கொடியது கணக்கின்மை. நீரிணைக் குடியேற்றங்களில் அறச்சொத்துகளின் நிர்வாகம் சீர்கெட்டதனாலேயே, 1905இல் முகமதிய, இந்து அறக்கொடைச் சட்டம் இயற்றப்பட்டது. காலியான இல்லம் முதலில் நாற்காலிகள் அடுக்கும் கிடங்காகும். பிறகு வேண்டியவர் ஒருவர் சில நாள் தங்குவார். அந்தச் சில நாள் ஆண்டுகளாகும். புதிய குருக்கள் வரும்போது மண்டபத்தின் பின்னறையே மிஞ்சும். குடும்பத்துடன் வாழ இடமில்லாதவர் நெடுநாள் நிலைக்கமாட்டார். அதன் விளைவு நித்திய பூசையையே தாக்கும்.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்திக் கோபுரத்தைப் புதுப்பிக்கும் நாம், இல்லத்தை நினைப்பதில்லை. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. குருக்கள் விடைபெறும் நாளிலேயே பொருட்பட்டியல் எழுதி இருவர் கையொப்பமிடுதல், சாவியைப் பொறுப்புள்ள உறுப்பினரிடம் ஒப்படைத்தல், வாரந்தோறும் சன்னல்களைத் திறந்து கூரையையும் குழாய்களையும் பார்த்தல், மின், நீர்க் கட்டணங்களைத் தவறாது செலுத்துதல், ஆண்டுக் கூட்டத்தில் இல்லத்தின் நிலையை அறிவித்தல் ஆகியவை போதும்.

கடல் கடந்து வருபவர் தூய்மையான இல்லத்தில் விளக்கேற்றிக் குடிபுகச் செய்வது உபசாரம் மட்டுமன்று. அதுவும் ஆலயத் திருப்பணியே.