ஆய்வு வினா யாருடையது? சென்னைக் காசநோய் ஆய்வுகளும் அயல்பணி ஒப்படைப்பும்

ஆய்வுச் சுருக்கம்
மருந்து, உயிர் அறிவியல் நிறுவனங்கள் தம் ஆய்வுப் பணியை வேறு நாட்டு மையங்களிடம் ஒப்படைப்பது அண்மைக்கால வணிக வழக்கமாகக் கருதப்படுகிறது. சென்னையிலும் அதன் மேற்குப் புறத்திலும் நிகழ்ந்த இரு காசநோய் ஆய்வுகளில் அதன் முன்வடிவத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அயல்பணி ஒப்படைப்பு, காசநோய், பி.சி.ஜி., பூந்தமல்லி, திருவள்ளூர்

முன்னுரை
கரையான்சாவடிக்கு வடகிழக்கே 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை உள்ளது. பொறியியல் பட்டறைகளுக்காக உருவான அப்பகுதியில் இன்று அமெரிக்க நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைக் காப்பீட்டுக் குறியீடுகளாக மாற்றும் அலுவலகங்களும் இயங்குகின்றன. அவுட்சோர்சிங் என்றதும் நினைவுக்கு வருவது இக்காட்சியே. ஆனால் கரையான்சாவடியிலிருந்து பூந்தமல்லி, திருமழிசை வழியாக மேற்கே சென்றால் அடையும் திருவள்ளூர் வட்டாரத்திற்கு இவ்வரலாற்றில் இதனினும் பழைய இடமுண்டு.

1956: சென்னையில் எழுந்த வினா
காசநோய்க்கு ஓய்வு, ஊட்டமான உணவு, சானடோரிய வாசம் ஆகியவை இன்றியமையாதவை என்பதே அக்கால மருத்துவ நம்பிக்கை. இந்தியாவிலோ நோயாளர் தொகைக்கு ஏற்ற படுக்கைகள் இல்லை. வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதுமா என்னும் வினா இப்பற்றாக்குறையிலிருந்தே பிறந்தது. அதற்கு விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆகியன இணைந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. பிரிட்டிஷ் குழுமத்தைச் சேர்ந்த வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர்.

193 நோயாளர், குலுக்கல் முறையில் வீட்டுச் சிகிச்சைக்கும் சானடோரியச் சிகிச்சைக்குமாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன. ஆண்டிறுதியில் கிருமி அடங்கியோர் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டு, மிகுதியாக உழைத்தவர்கள் என்பதை நோக்க, இவ்வேறுபாடு சிறிதே. அவர்தம் குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதல் தொற்று ஏற்படவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு சானடோரியங்களின் இன்றியமையாமையை உலக அளவில் கேள்விக்குள்ளாக்கியது. 1962இல் தொடங்கிய இந்தியத் தேசியக் காசநோய்த் திட்டமும் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது.

ஆய்வு வடிவம் இலண்டனில் பயின்ற முறையைச் சார்ந்தது, வினா சென்னையினுடையது. வணிக ஒப்பந்தம் இல்லாத இம்முயற்சியை அயல்பணி ஒப்படைப்பு என்பது முற்றிலும் பொருந்தாது எனலாம். எனினும் ஒருவர் வகுத்த ஆய்வை மற்றோர் இடத்து உடல்கள் தாங்கும் உறவு இரண்டிலும் உண்டு. அவ்வுறவின் நியாயத்தை அளக்க, வினா எங்கே பிறந்தது, விடை எங்கே திரும்பியது என்பனவே பொருத்தமான அளவுகோல்கள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1968: திருவள்ளூர் வட்டாரக் கிராமங்கள்
பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களைக் காக்குமா என்பது பல நாடுகளின் வினா. பிரிட்டனில் நற்பயனும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் சிறுபயனும் கண்ட முரணுக்கு விடை தேடி, அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 209 கிராமங்களும் 9 சிற்றூர் நகரங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வயதுடைய 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ இடப்பட்டது. எவருக்கு எது என்பதை இட்டவரும் அறியார். பாரிஸ், கோபன்ஹேகன் வித்துகள் இரண்டும் பயன்படுத்தப்பட்டன.

ஏழரை ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் அறிக்கையில் பாதுகாப்பு ஏதும் புலப்படவில்லை. 15 ஆண்டுத் தொடர்நோக்கின் முடிவு 1999இல் வெளியானது: பெரியவர்களுக்குப் பயனில்லை, சிறாருக்கு 27 விழுக்காட்டுப் பாதுகாப்பு. உலகுக்கு இது விலைமதிப்பற்ற எதிர்மறை விடை. ஊசி ஏற்ற கிராமத்தாருக்கோ புதிய மருந்தோ புதிய தடுப்பூசியோ இதனால் கிட்டவில்லை. முதல் ஆய்வோடு இதனை ஒரே தட்டில் வைத்துப் போற்றுவது சரியன்று.

2005க்குப் பின்
2005 சனவரியில் மருந்துச் சட்ட விதிகளின் ஒய் அட்டவணை திருத்தப்பட்டது. வெளிநாட்டில் கண்டறியப்பட்ட மருந்தின் இரண்டாம், மூன்றாம் கட்டச் சோதனைகளைப் பிற நாடுகளுடன் ஒரே காலத்தில் இந்தியாவிலும் நடத்த அது வழிசெய்தது. ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள் பெருகின. இங்கு வினா பெரும்பாலும் நிறுவனத்தின் மருந்துப் பட்டியலிலிருந்து பிறக்கிறது. 2009 சூனில் சோதனைகளைப் பதிவுசெய்தல் கட்டாயமாயிற்று. 2019ஆம் ஆண்டு விதிகளின் 27ஆம் விதி, சோதனை முடிந்தபின்னும் பங்கேற்பாளருக்கு மருந்தை விலையின்றி வழங்க இடமளிக்கிறது. அதற்கு ஆய்வாளரின் பரிந்துரையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.