ஐம்பதைத் தாண்டிய பின் சோற்றுக்கோப்பை

பஹ்ரைனின் ஈசா டவுன் 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகர். இங்கும் சுற்றுப்புறங்களிலும் வேலை செய்யும் நாங்கள் பெரும்பாலும் நாற்காலி உத்தியோகத்தர். எங்களுக்கு இங்கே முதுமைக்கால ஓய்வூதியம் இல்லை. வேலை முடியும்போது கிடைப்பது பணிக்கொடை மட்டும்: முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம், பிறகு ஆண்டொன்றுக்கு ஒருமாதச் சம்பளம். விசாவும் வேலையோடு கட்டுப்பட்டது. உடம்பு படுத்தால் திரும்பிப் போக ஊரில் வீடும் மிஞ்சாதவர்கள் எங்களில் பலர். ஆகவே சாப்பாடும் எங்களுக்கு ஒரு சேமிப்புக் கணக்குத்தான்.

தெற்காசிய உடம்பு மெலிவாகத் தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். ஆசியருக்கு உடற்பருமன் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. தராசைவிட அளவு நாடாவை நம்பலாம். 2023இல் வெளியான இந்திய ஆய்வொன்று தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கண்டது.

எங்கள் சமையலில் பழுதில்லை, பங்கீட்டில்தான் பழுது. கோப்பை நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கறி. தோட்டம் கொத்திய அப்புமாருக்கு அது சரி. கணினிக்கு முன் எட்டு மணித்தியாலம் இருப்பவருக்குச் சரிவராது. அரைக் கோப்பை மரக்கறியும் கீரையும், காற்பங்கு மீனோ பருப்போ, மிச்சக் காற்பங்கு சோறு. சிவப்பரிசியானாலும் அளவு அளவுதான். குரக்கன் நல்லது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. ஆனால் நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சீனி விரைவாக ஏறும். புட்டாக அவித்துக் கறியோடு சாப்பிடுவது மேல்.

வயது போகப் போகத் தசை கரையும். அதைத் தாங்கப் புரதம் வேண்டும்: உடல் நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராமாவது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. இங்கே மீனுக்குக் குறையில்லை. சாஃபி எங்கள் ஒட்டியின் இனம், ஹமூர் எங்கள் கலவாயின் இனம். பொரிக்காமல் புளிவிட்டுக் குழம்பு வையுங்கள். லபன் மோருக்கு ஈடு.

கறக் தேநீர்தான் கள்ளன். இரண்டு கரண்டிச் சீனியோடு நாளுக்கு நாலு கோப்பை என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். மென்பானங்களுக்கு அரசு 2017 முடிவில் 50 வீத வரி விதித்தது. கறக்குக்கு அந்த வரி இல்லை, நாங்களே விதிக்க வேண்டும். பேரீச்சம்பழம் விலக்கில்லை, ஆனால் சிறிய பழம் ஒன்றிலேயே சுமார் 5 கிராம் சர்க்கரை. இரண்டோடு நிறுத்தலாம்.

வெள்ளிக்கிழமைப் பிரியாணியை விடச் சொன்னால் ஒருவரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் தேவையில்லை. மற்ற ஆறு நாளும் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, காற்று தணிந்தபின் அரை மணிநேரம் நடந்தால் போதும்.

ஒன்று கவனம்: இன்சுலின் போடுபவர்களும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் வகை மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். முதலில் வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.