தாயகம் திரும்பிய முஹாஜிர்கள்

ஹிஜ்ரத்தின் வரலாற்றை எழுதுவோர் முஹாஜிர்கள் புறப்பட்ட கதையை விரித்துரைப்பர். சென்றடைந்த மண்ணில் அவர்கள் பெற்ற வரவேற்பையும் விரித்துரைப்பர். இடையில் சொந்த ஊருக்குத் திரும்பிச் சென்று அல்லலுற்றோரின் வரலாறோ ஸீரா நூல்களின் பெயர்ப்பட்டியல்களுக்குள் சிதறிக் கிடக்கிறது. அதனை ஒன்றுதிரட்டிப் பார்க்க வேண்டிய தேவை இன்று எழுந்துள்ளது. அடைக்கலம் தேடி வந்த ஒருவர் தம் நாட்டுக்கு ஒருமுறை சென்று வந்துவிட்டால், 'உயிருக்கு அஞ்சி வந்தவர் ஏன் மீண்டும் அங்கே சென்றார்? ஆகவே அவருடைய அச்சம் பொய்' என்று வாதிடுவோர் பல நாடுகளில் உள்ளனர். இவ்வாதம் சரிதானா என்பதை ஹிஜ்ரத்தின் வரலாற்றைக் கொண்டே நாம் ஆராய்வோம்.

வதந்தியை நம்பிய பயணம்

நபித்துவத்தின் 5ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில், அதாவது கி.பி. 615 அளவில், முஸ்லிம்களின் முதற்குழு மக்காவிலிருந்து அபிசீனியாவுக்குப் புறப்பட்டது. ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ 15 பேர். ஷுஐபா துறையில் இரண்டு வணிகக் கப்பல்கள் அவர்களுக்கு வாய்த்தன; அரைத் தீனார் கட்டணத்தில் ஏறிச் சென்றனர் என இப்னு ஸஅத் எழுதுகிறார். குறைஷியர் கடற்கரை வரை துரத்தி வந்தும் ஒருவரையும் பிடிக்க இயலவில்லை.

ஷஅபான், ரமளான் ஆகிய மாதங்களை அவர்கள் அங்கே நிம்மதியாகக் கழித்தனர். அவ்வேளையில்தான் மக்காவாசிகள் இஸ்லாத்தை ஏற்றுவிட்டனர் என்னும் செய்தி கடல் கடந்து வந்தது. இச்செய்தி முற்றிலும் அடிப்படையற்றதன்று. நபி (ஸல்) அவர்கள் அந்நஜ்ம் அத்தியாயத்தை ஓதி ஸஜ்தா செய்தபோது அங்கிருந்த இணைவைப்போரும் ஸஜ்தா செய்தனர் என்னும் அறிவிப்பு புகாரியில் உள்ளது. ஒரு கணத்தின் நிகழ்ச்சி தொலைவில் இருந்தோரின் செவிக்கு எட்டும்போது ஊரே மாறிவிட்டதாக வளர்ந்துவிட்டது. தாயகச் செய்திக்கு ஏங்கியிருந்த உள்ளங்கள் அதனை நம்பின. ஷவ்வால் மாதத்தில் அவர்கள் திரும்பினர்.

மக்காவை நெருங்கிய வேளையில் கினானா குலத்தைச் சேர்ந்த பயணிகள் சிலர் எதிர்ப்பட்டனர். விசாரித்தபோது உண்மை தெரிந்தது: குறைஷியரின் பகைமை சற்றும் தணிந்திருக்கவில்லை. வந்த வழியே திரும்பிவிடலாமா என்று முஹாஜிர்கள் கலந்தாலோசித்தனர். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். உள்ளே சென்று நிலைமையை நேரில் பார்ப்போம். விரும்புவோர் தத்தம் குடும்பத்தாரைக் கண்டுகொள்ளட்டும். பிறகு திரும்பிவிடுவோம் என்று முடிவு செய்தனர். இப்னு ஸஅத் தரும் இக்குறிப்பு ஊன்றி நோக்கத்தக்கது. உண்மை தெரிந்த பின்னரும் அவர்கள் உள்ளே சென்றார்கள். அச்சம் அற்றுப்போனதால் அன்று. உறவின் ஈர்ப்பு அச்சத்தை ஒரு நாழிகை மேற்கொண்டதால்.

ஜிவார் தந்த பாதுகாப்பு

அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒருவரது பாதுகாப்பைப் பெற்றோ மறைவாகவோதான் மக்காவுக்குள் நுழைந்தனர். 'ஜிவார்' எனப்படும் அப்பாதுகாப்பு அரபுக் குலமரபில் உறுதியானது. எனினும் அது ஒரு தனிமனிதர் மற்றொரு தனிமனிதருக்கு அளிக்கும் வாக்கு; ஊரின் சட்டம் அன்று.

அபூஸலமா (ரலி) தம் தாய்மாமன் அபூதாலிபின் பாதுகாப்பில் நுழைந்தார். மக்ஸூம் குலத்தார் உடனே திரண்டு வந்து, உம்முடைய சகோதரர் மகனைத்தான் எம்மிடமிருந்து காத்தீர், எங்கள் குலத்தவனையும் ஏன் காக்கிறீர் என்று வாதிட்டனர். சகோதரி மகனைக் காக்காதவன் சகோதரர் மகனையும் காக்கமாட்டான் என்று அபூதாலிப் விடையிறுத்தார். இஸ்லாத்தின் கடும் பகைவனான அபூலஹப் அன்று வியக்கத்தக்க வகையில் தன் அண்ணன் பக்கம் நின்றதால்தான் மக்ஸூமியர் பின்வாங்கினர். பகைவனின் ஒரு நாள் மனநிலையில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு முஹாஜிரின் உயிர்ப் பாதுகாப்பு!

உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) வலீத் பின் முகீராவின் பாதுகாப்பைப் பெற்றிருந்தார். அவர் காலையும் மாலையும் அச்சமின்றி நடமாட, அவருடைய தோழர்களோ தெருக்களில் துன்புறுத்தப்பட்டனர். இதனைப் பொறுக்காத அவர் கஅபாவின் வளாகத்தில் எல்லோரும் அறிய அப்பாதுகாப்பைத் திருப்பியளித்தார். அதன்பின் கவிஞர் லபீத் கவிதை பாடிய குறைஷியர் சபை ஒன்றில், இன்பங்கள் யாவும் அழியும் என்ற பொருள்பட அவர் பாடியதை மறுத்து, சொர்க்கத்தின் இன்பம் அழியாது என்றார் உஸ்மான். சபையிலிருந்த ஒருவன் எழுந்து அவர் கண்ணில் அறைந்தான். கண் கன்றிக் கறுத்துவிட்டது. என் பாதுகாப்பில் இருந்திருந்தால் இக்கண்ணுக்கு இது நேர்ந்திராதே என்று வலீத் பரிந்துரைத்தபோது, நலமாயுள்ள மறு கண்ணும் இத்தகைய அடிக்கு ஏங்குகிறது என்று மறுமொழி கூறினார் உஸ்மான். அவருடைய ஈமானின் உறுதி இங்கே வெளிப்படுகிறது. ஜிவாரின் இயல்பும் உடன் வெளிப்படுகிறது. அது ஒருவரைக் காக்கும், அவருடைய தோழர்களைக் காக்காது. அது நீங்கினால், ஒரு சபையில் வாய் திறந்து பேசியதற்கே அடி விழும்.

மக்கா திரும்பியோர் என 33 ஆண்களை இப்னு இஸ்ஹாக் கணக்கிடுகிறார். முதற்குழுவின் தொகையைவிட இது மிகுதி; ஆகவே வெவ்வேறு காலங்களில் திரும்பியோரும் இப்பட்டியலில் சேர்ந்துள்ளனர் என்றே கருத வேண்டியுள்ளது. அவர்களுள் சிலர் பின்னர் மதீனா சென்று பத்ரில் கலந்துகொண்டனர், சிலர் மக்காவிலேயே மரணமடைந்தனர், சிலர் சிறைப்பட்டனர். அபூஜஹ்லின் சகோதரரான ஸலமா பின் ஹிஷாம் (ரலி) பத்ரு, உஹது, அகழ் ஆகிய மூன்று போர்களுக்கும் வர இயலாதவாறு அடைத்து வைக்கப்பட்டார். அப்துல்லாஹ் பின் ஸுஹைல் (ரலி) தம் தந்தையாலேயே சிறைவைக்கப்பட்டார். மனம் மாறியவர்போலக் காட்டிக்கொண்டு குறைஷியரின் படையுடன் பத்ருக்கு வந்து, களத்தில் முஸ்லிம்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். திரும்பியவருக்கு நேரும் ஆபத்து எப்போதும் அயலாரிடமிருந்து வருவதில்லை. தந்தை, சகோதரர், சிற்றப்பன் வடிவிலும் அது காத்திருக்கும்.

ஒரு தாயின் சபதம்

இவ்வரலாற்றில் மிக உருக்கமானது அய்யாஷ் பின் அபீ ரபீஆ (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. அவர் உமர் (ரலி) அவர்களுடன் மதீனா வந்து சேர்ந்துவிட்டவர். அவருடைய தாய்வழிச் சகோதரர்களான அபூஜஹ்லும் ஹாரிஸ் பின் ஹிஷாமும் மதீனாவுக்கே தேடி வந்தனர். ஹாரிஸ் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவியவர். உன்னைக் காணும்வரை தலையில் சீப்பு வைப்பதில்லை, வெயிலுக்கு நிழல் தேடுவதில்லை என்று உன் தாய் சபதம் செய்திருக்கிறார் என்றனர். அய்யாஷின் உள்ளம் இளகிற்று.

உமர் தடுத்தார். இவர்கள் உம்மை மார்க்கத்திலிருந்து திருப்பவே வந்திருக்கிறார்கள். பேன் கடித்தால் உம் தாய் தலை சீவிக்கொள்வார், மக்காவின் வெயில் சுட்டால் நிழலுக்கு ஒதுங்குவார் என்று எடுத்துரைத்தார். தாயின் சபதத்தை நிறைவேற்ற வேண்டும்; மக்காவில் எனக்குப் பொருளும் இருக்கிறது, அதையும் எடுத்து வருவேன் என்றார் அய்யாஷ். என் செல்வத்தில் பாதியைத் தருகிறேன், போகாதீர் என்றார் உமர். அப்போதும் அவர் இணங்கவில்லை. இறுதியில் உமர் தம்முடைய விரைவான பெண் ஒட்டகத்தைக் கொடுத்து, இதன் முதுகைவிட்டு இறங்காதீர், ஐயம் தோன்றினால் இதிலேறித் தப்பிவிடும் என்று அறிவுறுத்தி அனுப்பினார்.

வழியில் அபூஜஹ்ல், என் ஒட்டகம் களைத்துவிட்டது, உன் பின்னால் ஏற்றிக்கொள்ளமாட்டாயா என்றான். ஒட்டகங்கள் மண்டியிட்டன. மூவரும் தரையில் கால் வைத்த கணத்தில் சகோதரர் இருவரும் அய்யாஷைக் கட்டினர். பட்டப்பகலில் கட்டுண்ட நிலையிலேயே மக்காவுக்குள் கொண்டு சென்று, உங்கள் வீட்டு அறிவிலிகளையும் இவ்வாறே நடத்துங்கள் என்று ஊராருக்கு அறிவித்தனர்.

முதிய தாய், விட்டுவந்த சொத்து, உறவினர் தரும் உறுதிமொழி. 14 நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஓர் அகதியைத் தாயகம் நோக்கி இழுப்பவை பெரும்பாலும் இம்மூன்றுமே. அய்யாஷ் தாயைக் காணச் சென்றார் என்பதனால் மக்காவில் அவருக்கு ஆபத்து இல்லை என்று எவரேனும் கூறத் துணிவரா? அவருடைய கைவிலங்கே அதற்கு மறுப்பு.

மதீனா மறக்கவில்லை

எச்சரிக்கையை மீறிச் சென்றவர் என்று அய்யாஷை நபி (ஸல்) அவர்கள் கைவிடவில்லை. தொழுகையில் குனூத் ஓதி, வலீத் பின் அல்வலீத், ஸலமா பின் ஹிஷாம், அய்யாஷ் பின் அபீ ரபீஆ ஆகியோரின் பெயர்களைக் குறிப்பிட்டு அவர்களுடைய விடுதலைக்காக இறைஞ்சினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது.

அபிசீனியாவிலிருந்து திரும்பி மக்காவில் தடுத்து வைக்கப்பட்டிருந்த மற்றொருவர் ஹிஷாம் பின் அல்ஆஸ் (ரலி). துன்புறுத்தலால் நிலைகுலைந்தோருக்குப் பாவமன்னிப்பு உண்டா என்ற ஐயம் அன்று நிலவியது. இறையருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்னும் அஸ்ஸுமர் அத்தியாயத்தின் வசனங்கள் அருளப்பட்டதும் உமர் அவற்றைத் தம் கையால் எழுதி ஹிஷாமுக்கு அனுப்பினார். மக்காவின் தூதுவா என்னும் இடத்தில் அம்மடலை மீண்டும் மீண்டும் படித்து, அது தம்மைப் போன்றோருக்காகவே வந்தது என உணர்ந்து, ஒட்டகம் ஏறி மதீனா சேர்ந்தார் ஹிஷாம் என்பது ஓர் அறிவிப்பு. வலீத் பின் அல்வலீத் மறைவாக மக்கா சென்று, கூரையற்ற வீடொன்றில் அடைபட்டிருந்த அய்யாஷையும் ஹிஷாமையும் மதிலேறி மீட்டார் என்பது இப்னு ஹிஷாம் தரும் வேறோர் அறிவிப்பு. எதனை ஏற்பினும், திரும்பிச் சென்று சிக்கியோரை மீட்பதை மதீனா தன் கடமையாகக் கருதியது என்பது தெளிவு.

இரண்டாம் ஹிஜ்ரத்தும் இதையே உணர்த்துகிறது. முதற்குழு திரும்பிய பின் கொடுமை மிகுந்தது. மீண்டும் அபிசீனியா செல்ல நபி (ஸல்) அவர்கள் அனுமதியளித்தார்கள். இம்முறை சென்றோர் 80க்கும் மேற்பட்ட ஆண்களும் ஏறத்தாழ 18 பெண்களும். ஒருமுறை திரும்பிச் சென்றவர்கள் மீண்டும் வந்தபோது நஜ்ஜாஷி மன்னரின் நாடு கதவடைக்கவில்லை. குறைஷியரின் தூதர்கள் பரிசுப்பொருள்களுடன் வந்து அவர்களை ஒப்படைக்கக் கோரியபோதும், அகதிகளின் தரப்பைக் கேட்டறிந்த பின்னரே தீர்ப்பளித்தார், ஒப்படைக்க மறுத்தார். அவர்களுள் ஜஅஃபர் (ரலி) குழுவினர் ஹிஜ்ரி 7இல் (கி.பி. 628) நபியவர்களின் அழைப்பின்பேரில், நிலைபெற்றுவிட்ட மதீனாவுக்கே வந்து சேர்ந்தனர். கப்பலில் வந்த இவர்களுக்கு இரு ஹிஜ்ரத்கள் உண்டு என்று அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் நன்மாராயம் கூறினார்கள். வதந்தியை நம்பிய வருகைக்கும் உறுதியான அழைப்பை ஏற்ற வருகைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காண்கிறோம்.

சென்று காணுதலும் மீண்டும் குடியேறுதலும்

தம் கிரியைகளை முடித்த முஹாஜிர் மக்காவில் மூன்று நாள் தங்கலாம் என்பது அலா பின் அல்ஹள்ரமீ (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. மூன்று நாள் தங்குவது பயணியின் நிலையை மாற்றாது, அது குடியேற்றம் ஆகாது என்று விரிவுரையாளர்கள் இதிலிருந்து விளக்கம் கண்டனர். இவ்விதியின் நோக்கம் வேறு, இக்காலச் சட்டத்தின் நோக்கம் வேறு. ஆயினும் சென்று காண்பதும் மீண்டும் குடியேறுவதும் ஒன்றல்ல என்னும் பகுப்பு இரண்டிலும் உள்ளது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, ஒருவர் தாமாக விரும்பித் தம் நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினாலோ அங்கே மீண்டும் குடியமர்ந்தாலோ அகதி நிலை முடிவுறும் என்கிறது. தாய்நாட்டின் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு செல்வது இதனால்தான் சிக்கலை விளைவிக்கிறது: ஒருவர் அங்கே கைதாகலாம், தப்பி வந்தாலோ இங்கே அடைக்கலத்தை இழக்கலாம். எனினும் ஐ.நா. அகதிகள் ஆணையம் 1979இல் வெளியிட்ட கையேடு, முதிய அல்லது நோயுற்ற பெற்றோரைக் காணச் செல்வதையும், விடுமுறைக்கோ வணிகத்துக்கோ அடிக்கடி சென்று வருவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது என்று வழிகாட்டுகிறது. அய்யாஷின் வழக்குக்கு அதில் இடமுண்டு.

ஊரின் சட்டம் மாறாதிருக்க மக்கள் மட்டும் திரும்பினால் என்ன நேரும் என்பதற்கு ரோஹிங்கியாக்களின் வரலாறு சான்று. 1978இல் ஏறத்தாழ 2 லட்சம் பேர் அரகானிலிருந்து வங்கதேசத்துக்கு ஓடினர். பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1982இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியது. 1991-92இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் மீண்டும் ஓடினர். மீண்டும் பெரும்பாலோர் அனுப்பப்பட்டனர். 2017இல் ஓடியவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். 2023 மே மாதம் ஏறத்தாழ 20 பேர் கொண்ட ரோஹிங்கியாக் குழு ஒன்று நிலைமையை நேரில் காண அழைத்துச் செல்லப்பட்டது. தங்கள் கிராமங்களில் அன்றி முகாம்களிலேயே குடியமர்த்த ஏற்பாடு செய்திருப்பதைக் கண்டு அவர்கள் நிறைவின்றித் திரும்பினர். கினானா பயணிகளிடம் அன்று முஹாஜிர்கள் கேட்ட கேள்வியைத்தான் இவர்களும் கேட்டனர்: துரத்தியவர்கள் மாறிவிட்டார்களா?

அக்கேள்விக்கு நம்பத்தக்க விடை கிடைக்கும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை என்பதில் ஐயமில்லை. அதையும் மீறி ஒருவர் தாயைக் காணச் சென்றால், அவரிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்பதற்கு உமர் (ரலி) அவர்களிடம் முன்மாதிரி உள்ளது. போகுமுன் உண்மையை மறைக்காமல் சொன்னார். தடுப்பதற்குத் தம் செல்வத்தில் பாதியை வழங்க முன்வந்தார். தடுக்க இயலாதபோது தப்புவதற்கு ஒட்டகம் கொடுத்தார். சிக்கியோருக்கு நம்பிக்கையூட்டும் மடலை எழுதினார். அன்றே சொன்னேனே என்று அவர் இடித்துரைத்ததாக எந்த அறிவிப்பிலும் நாம் காணவில்லை.