திறக்காத சிப்பி

தூத்துக்குடியில் வீட்டு வரியின் கதையை நகராட்சியிலிருந்து அல்ல, முத்துச் சலாபத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கரைக்கு வந்த சிப்பியை மூன்று பங்கு வைப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாளுக்கு. சர்க்கார் தன் பங்கைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடும். உள்ளே முத்து இருக்கா இல்லையான்னு எடுத்தவருக்கும் தெரியாது. மூன்றில் இரண்டு என்பது பெரும் பங்குதான். ஆனாலும் கடல் கொடுக்காத வருஷம் சர்க்காருக்கும் ஒன்றுமில்லை.

1866இல் தூத்துக்குடி நகராட்சியானது. வீட்டைச் சிப்பி மாதிரி பங்கு போட முடியாதே! 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் ஒரு வழி சொன்னது: இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும்? அதில் பழுதுபார்க்க 10 சதவீதம் கழி. மீதிதான் ஆண்டு மதிப்பு. அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் வரி. நீங்கள் வாடகைக்கே விடாமல் குடியிருந்தாலும் கணக்கு இதுதான். குளியாளிடம் கிடைத்ததில் பங்கு கேட்டார்கள். வீட்டுக்காரரிடம் கிடைக்கக்கூடியதில் கேட்கிறார்கள்.

வரியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உவர்நீர் ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தவர் நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து. குழாயைத் திறக்கும்போதாவது அதை நினைக்க வேண்டும்.

2008இல் ஊர் மாநகராட்சியானது. இடம், பரப்பு, கட்டுமான வகை, வயது, பயன்பாடு என்று பார்த்து மதிப்புப் போட்டார்கள். 2022இல் வந்த உயர்வில், சென்னை தவிர்த்த ஊர்களின் குடியிருப்புகளுக்குப் பரப்பே அளவுகோல்: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100.

அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். 590 அடி வீட்டுக்கு 1,250. 1,900 அடி வீட்டுக்கு 2,000. முதலாவது நல்ல வாடகை வரும் புது வீடாக இருக்கலாம். இரண்டாவது, பிள்ளைகள் வெளியூர் போய்விட, ஒரு ஆச்சி மட்டும் இருக்கும் பழைய ஓட்டு வீடாக இருக்கலாம். நாடா அடியைத்தான் அளக்கும். ஆச்சியின் கையில் என்ன இருக்குன்னு அளக்காது.

1961க்குப் பிறகு இங்கே சலாபம் நடக்கவில்லை. ஆனால் திறக்காத சிப்பிக்கு விலை வைக்கும் வழக்கம் போகவில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: அன்று முத்து இல்லையென்றால் நஷ்டம் ஏலம் எடுத்தவருக்கு. இன்று வீட்டுக்காரருக்கு.