பெண்களுக்குக் குருப்பட்டம்: இங்கிலாந்துத் திருச்சபை

இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்கள் குருக்களாக நடந்த போராட்டத்தை இறையியல் விவாதமாக மட்டும் பார்ப்பது போதாது. பெண் குருத்துவத்துக்கு அடிப்படைத் தடை ஏதுமில்லை என்று அதன் ஆளும் பேரவையான பொதுச் சினாடு 1975இலேயே ஏற்றுக்கொண்டது. ஆயினும் 1978இல் சட்டத்தடையை நீக்கும் தீர்மானத்தைக் குருமார் அவை தோற்கடித்தது. பிஷப்புகளும் பொதுநிலையினரும் ஆதரித்தும் பயனில்லை. தடையாக நின்றது கோட்பாட்டைவிட வாக்குமுறையே. 1992 நவம்பர் 11 அன்று பெண் குருத்துவத் தீர்மானத்துக்குப் பிஷப்புகள், குருமார், பொதுநிலையினர் என மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. பொதுநிலையினர் அவையில் ஆதரவு 169, எதிர்ப்பு 82. இருவர் மனம் மாறியிருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். 1994 மார்ச்சில் பிரிஸ்டல் பேராலயத்தில் முதல் 32 பெண்கள் குருப்பட்டம் பெற்றனர்.

இயேசு பன்னிரு ஆண்களையே தேர்ந்தார் என்பது எதிர்ப்பாளரின் முதன்மை வாதம். அப்பன்னிருவரும் யூதர்களே; ஆனால் குருக்கள் யூதராகவே இருக்கவேண்டும் என எத்திருச்சபையும் கேட்பதில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் பெபேயாளையும் யூனியாவையும் ஊழியர்களாகப் போற்றுகிறார். ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையுடனான ஒற்றுமை குலையும் என்ற கவலைக்கு வலு உண்டு. ஆனால் ஆங்கிலிக்கன் குருப்பட்டங்களை ரோம் 1896லேயே செல்லாதவை என அறிவித்துவிட்டது. தேவை நெருக்கியபோது விதியும் வளைந்திருக்கிறது: போரால் குருக்கள் செல்லமுடியாத மக்காவுவில் பணியாற்றிய புளோரன்ஸ் லி டிம்-ஓய்க்கு, ஹாங்காங் பிஷப் ரொனால்ட் ஹால் 1944இலேயே குருப்பட்டம் அளித்தார். பெண் பிஷப்புகளுக்கான சட்டம் 2012இல் தோற்று, 2014இல் நிறைவேறியது. லிபி லேன் 2015இல் இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் பெண் பிஷப் ஆனார். பெண்களின் குருத்துவத்தை ஏற்காத பங்குகள் ஆண் பிஷப்பைக் கோரும் ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.